பேரரசனின் தோளில் என் கை

சென்ற மாதம் பழைய வேலையிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் ஓய்வு பெற்று நான்கு வருடங்களாகிவிட்டன. இப்போது அங்கே இருப்பவர்களில் பாதிப்பேரை எனக்குத் தெரியாது. ரோமச் சிலைகளை லேசர் கருவியால் சுத்தம் செய்யப் போகிறார்களாம். அதற்காகப் பழைய கோப்புகளைப் புரட்டிய ஒரு பெண் எண்பத்தாறாம் ஆண்டின் படிவம் ஒன்றைக் கண்டிருக்கிறாள். பேரரசன் ஒருவனின் மார்பளவுச் சிலை, வலது தோளில் கறை. காரணம் என்ற இடத்தில் ‘கை, தேங்காய் எண்ணெய்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்து. இது என்ன கதை என்று கேட்டாள்.

அவளுக்கு டேனிஷில் இரண்டு வசனம் சொல்லிச் சமாளித்தேன். இரண்டு வசனத்தில் அடங்காததைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். எந்த அருங்காட்சியகம், எந்தப் பேரரசன் என்று கேட்காதீர்கள். கோப்பன்ஹேகனில் ஓர் இடம். அவன் பெயரைச் சொன்னால் இடத்தின் பெயரும் தெரிந்துவிடும்.

நான் மன்னாரில் படகு என்ஜின் திருத்துகிறவனாக இருந்தேன். எண்பத்தைந்தின் தொடக்கத்தில் டென்மார்க்குக்கு வந்தேன். முகாம், பொலிஸ் விசாரணை, மொழி வகுப்பு என்று அந்த வருடத்தின் பெரும்பகுதி ஓடிப்போனது. ஒக்டோபரில் வதிவிட அனுமதி கிடைத்ததும் கொமூன, அதாவது நகரசபை, என்னை அருங்காட்சியகத்தில் தரை துடைக்க அனுப்பியது. இரண்டு மாதத்தில் சிற்பப் பட்டறைத் தலைவி இங்கர் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். நான் தூரிகைகளைக் கழுவிக் காயவைக்கும் விதம் பிடித்திருந்ததாம். என்ஜினைப் பிரித்து மாட்டியவனுக்குத் தூரிகை கழுவுவது ஒரு வேலையா?

இங்கருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். உயரமானவள், குரலை உயர்த்தியே அறியாதவள். டேனிஷில் எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’ தான். மேலதிகாரியை ‘நீ’ என்று கூப்பிட எனக்கு வாய் வர ஒரு வருடம் பிடித்தது. என்னை அவள் ‘அந்தோன்’ என்பாள். அந்தோனிப்பிள்ளை என்ற முழுப்பெயர் படிவங்களில் மட்டும்தான் இருந்தது.

அவள் சொல்லித் தந்த முறைகள் இன்றும் கைக்குத் தெரியும். தூசி தட்டுவது எப்போதும் உச்சியிலிருந்து கீழே. இடது கையில் தூசி உறிஞ்சும் குழாய், அதன் வாயில் வலைத்துணி, உடைந்த துணுக்கு ஏதும் உள்ளே போய்விடாமல் இருக்க. வலது கையில் ஆட்டுமயிர்த் தூரிகை. பருத்திக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. பளிங்கு கல்லல்ல, அது குடிக்கும் என்பாள். பிடிவாதமான அழுக்கு என்றால் மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதைத் தன் வாயில் வைத்து ஈரமாக்கி, சிலையின் கன்னத்தில் உருட்டுவாள். முதல்நாள் நான் திடுக்கிட்டு விட்டேன். எச்சில்! உமிழ்நீரைப்போல மிருதுவாக அழுக்கை எடுப்பது வேறொன்றில்லை என்று அவள் பாடம் நடத்த, நான் அந்தச் சிலைக்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. முக்கியமான எதையும் மூன்று தடவை கேட்பாள். அதே கேள்வி, அதே குரல், நடுவில் சில நாள் இடைவெளி. பதிலைக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வாள். எனக்கு இது பிடிப்பதில்லை. பொலிஸ் விசாரணையிலும் ஒரே கேள்வியை மூன்று தடவைதான் கேட்டார்கள். பதில் மாறுகிறதா என்று பார்க்கத்தான் அது. மாறினால் மாட்டினாய்.

எண்பத்தாறாம் ஆண்டு மே மாதம் ஒரு கண்காட்சி திறக்கவிருந்தது. ரோமப் பேரரசும் அதன் கீழ் வாழ்ந்த முதல் கிறிஸ்தவர்களும் என்பது பொருள். ஜனவரியிலேயே மண்டபத்தை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். பெயர்ப்பலகைகள் எல்லாம் கழற்றப்பட்டுப் புதிதாக அச்சிடப் போயிருந்தன. ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த மேய்ப்பன் செதுக்கிய கல், மீன் உருவம் போட்ட மண்விளக்கு, கல்லறை மூடி ஒன்றின் துண்டு என்று எங்கள் வேதத்துப் பொருட்கள் ஒரு மூலையில் சேர்ந்தன. அவற்றுக்கு நடுவில் அந்த மார்பளவுச் சிலையையும் கொண்டுவந்து வைத்தார்கள். சுருள் தாடி, களைத்த கண், தோளில் மடிப்பு மடிப்பாகப் போர்வை. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பங்குக் கோயிலின் சூசையப்பர்!

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கத்தோலிக்கன் ஒருவன் சூசையப்பரைக் காட்டி ‘இவர் யார்’ என்று கேட்பானா? அதுவும் குடும்பத்தைக் காப்பாற்றி வேறு தேசத்துக்குக் கூட்டிப்போன புனிதரை? என் மனைவி றெஜினாவும் நான்கு வயது மகள் மேரியும் மன்னாரில் இருந்தார்கள். அவர்களை அழைப்பதற்கான விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. நான் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து முதல் ரயில் பிடித்து ஏழு மணிக்கு மண்டபத்துக்குள் நுழைவேன். கையுறை பட்டறையில் இருக்கும். அதை எடுக்கப் போகும் வழியில் சிலையருகே நிற்பேன். ஊரில் என்றால் சுரூபத்தின் பாதத்தைத் தொடுவோம். இது அரைச் சூசையப்பர், பாதம் இல்லை. வலது தோளைத் தொட்டு, விரல்களை உதட்டில் வைத்து, பிறகு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வேன். ‘அவையளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்’ என்பேன். அவ்வளவுதான் செபம். ஒரு நாளும் தவறவிடவில்லை.

அந்தக் குளிருக்கு என் கைகள் வெடித்துப் போயிருந்தன. வெஸ்டர்ப்ரோ கடையொன்றில் வாங்கிய தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாக உறைந்துவிடும். அதைச் சூடேற்றியின் மேல் வைத்து உருக்கி, தலைக்கும் கைக்கும் பூசிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். அதையும் அந்தத் தோளையும் நான் ஒரு நாளும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் பக்கவாட்டு விளக்குகளைப் பொருத்தினார்கள். மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் தெரியாதது சரிந்து விழுந்த வெளிச்சத்தில் தெரிந்தது. வெள்ளைத் தோளில் உள்ளங்கையளவு மஞ்சள். இங்கர் நெடுநேரம் குனிந்து பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். “கொழுப்பு,” என்றாள்.

அதே வாரம் பெயர்ப்பலகைகளும் வந்தன. சிலையடியில் பலகையைப் பொருத்தும்போதுதான் படித்தேன். சூசையப்பர் இல்லை. ரோமப் பேரரசன்! தத்துவம் படித்தவன், நல்லவன் என்று பெயர் எடுத்தவன். அவன் ஆட்சியில்தான் ஒரு நகரத்துக் கிறிஸ்தவர்களை விளையாட்டரங்கில் மிருகங்களுக்குப் போட்டார்களாம். அவன் பக்கத்தில் தூபம் போடும் சிறிய கல்பீடம் ஒன்று இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். இங்கர் நிதானமாக விளக்கினாள். கிறிஸ்தவர் என்று பிடிபட்டவரை ஆளுநர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நீ கிறிஸ்தவனா என்று கேட்பார். ஆம் என்றால், தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்தி இரண்டாம் தடவை, பிறகு மூன்றாம் தடவை. மூன்று தடவையும் ஆம் என்றால் மரணம். இல்லை என்று சொல்லிப் பேரரசனின் உருவத்துக்கு முன்னால் கொஞ்சம் சாம்பிராணி போட்டால் வீட்டுக்குப் போகலாம்.

“ரோம அதிகாரிகள் தாங்களாக இவர்களைத் தேடிப் போனது குறைவு,” என்றாள். “பெரும்பாலும் யாராவது காட்டிக்கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள்.”

எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. அந்தச் சனங்கள் செய்யமாட்டோம் என்று செத்துப்போன காரியத்தை நான் நான்கு மாதமாகக் காலையில் முதல் வேலையாகச் செய்திருக்கிறேன்.

மறுநாள் சாப்பாட்டு அறையின் மேசையைச் சுற்றி எல்லோரையும் இருத்தினாள். காலையில் மண்டபத்துக்குள் போகிறவர்கள் நாங்கள் நாலைந்து பேர். காவலாளர் தலைவர் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். இங்கர் குறிப்பேட்டைத் திறந்தாள்.

“தோளில் கொழுப்பு இருக்கிறது. யாருக்காவது ஏதாவது தெரியுமா?”

தெரியாது என்று ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். என் முறை வந்தது. பொய் ஒன்று சொல்லப் போகிறேன் என்று தெரிந்தே வாயைத் திறந்தேன்.

“இல்லை,” என்றேன்.

எனக்கு அடுத்த கதிரையில் ஸ்வென் இருந்தார். மண்டபக் காவலாளர், ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சம் வைத்திருந்த தடித்த மனிதர். ஈரல் பசை பூசிய கறுப்புப் பாணைப் பொட்டலமாகக் கொண்டுவந்து காவல் கதிரையில் இருந்தபடியே கடிப்பார். அதற்காக முன்னரே ஒரு தடவை எழுத்தில் எச்சரிக்கை வாங்கியவர். காவலாளர் தலைவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

“உன் பாண்தான், ஸ்வென். வேறென்ன?”

ஸ்வென் “நோ” என்றார். அது ஆங்கிலத்து ‘நோ’ அல்ல, டேனிஷ்காரரின் அந்த ஒற்றைச் சொல்லுக்கு எந்த அர்த்தமும் வைக்கலாம். அப்படியா, சரி, போகட்டும், என்னவோ. அன்றே அவரை மண்டபத்திலிருந்து எடுத்து, கீழே கோட்டு மாட்டும் இடத்தில் நிறுத்தினார்கள். கறை அவருடையது என்று உறுதியானால் இரண்டாம் எச்சரிக்கை. அதற்கு மேல் வேலை இருக்காது என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு இருந்தேன். பரம் அண்ணை கண்டுபிடித்துவிட்டார். யாழ்ப்பாணத்துச் சைவர், என்னோடு அறை பகிர்ந்தவர், தொழிற்சாலை வேலை.

“என்னடா அந்தோனி, சோத்தோடை கதைச்சுக்கொண்டு இருக்கிறாய்?”

சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

“உங்கடை ஆக்கள் கும்பிடமாட்டம் எண்டு சிங்கத்துக்கு முன்னாலை போய் நிண்டவையாம். நீ என்னடா எண்டால் அந்த ராசாவுக்கே காலமை காலமை பூசை வைச்சிருக்கிறாய்!”

“பகிடி விடாதையுங்கோ அண்ணை. அந்த மனுசன்ரை வேலை போகப்போகுது.”

சிரிப்பு நின்றது. “ஆரும் கண்டவையே?”

“இல்லை. ஒருத்தரும் இல்லாத நேரம்.”

“அப்ப பேசாமல் இரு. அவன் இந்த நாட்டுக்காரன், அவனுக்கு ஒண்டும் வராது. உன்ரை மனுசியும் பிள்ளையும் அங்கை நிக்கினம். இவங்கள் பொலிசுக்கு ஒரு கடிதம் போட்டால், உன்ரை பேரிலை ஒரு கீறு விழுந்தால், அந்தப் பேப்பர் அப்பிடியே நிண்டுபோம். யோசிச்சுப் பார்.”

அது உண்மையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நாட்களில் எங்களுக்குச் சட்டம் என்பது ஒருவர் சொல்லி மற்றவர் நம்பியதுதான். வேலை போனால் விசா போகும், பொலிஸ் கேட்டால் குடும்பம் வராது, இப்படி. நம்பினேன். காலையில் தபால்பெட்டியைத் திறக்காமலே கடந்து போவேன். அருங்காட்சியகத்தில் தொலைபேசி அடித்தால் பொலிஸ் என்று நினைப்பேன். சிலையிருந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போவேன். கீழே கோட்டு மாட்டும் இடத்தைக் கடக்கும்போது ஸ்வென் எப்போதும்போலக் கையை உயர்த்துவார். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நாலாம் நாள் மறுபடியும் அதே மேசை. கீழேயிருந்து ஸ்வெனையும் கூப்பிட்டிருந்தார்கள். அதே கேள்வி, அதே குரல். “இல்லை,” என்றேன் இரண்டாம் தடவையும். இங்கரின் பென்சில் அதை எழுதும் சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்வென் தன் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் நான் பட்டறையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன். இங்கர் தனியாக வந்து எதிரில் இருந்தாள்.

“அந்தோன், அந்தத் தோளைப்பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா?”

மூன்றாம் தடவை. துணிவு வந்தது என்று சொன்னால் அது பொய். நான் பயத்தில் களைத்துப் போயிருந்தேன். ஸ்வெனின் உயர்த்திய கையை இன்னொரு நாள் பார்க்க என்னால் முடியவில்லை. றெஜினாவையும் பிள்ளையையும் நினைத்துக்கொண்டு, அவர்களை இழக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே, “அது நான்,” என்றேன்.

“கை வைத்தாயா?”

“ஆம். ஒவ்வொரு நாளும். அவரை ஒரு புனிதர் என்று நினைத்தேன்.”

இங்கர் எழுந்து கிட்ட வந்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன எண்ணெய்?”

எனக்கு விளங்கவில்லை.

“எண்ணெயின் பெயரைச் சொல். ஸ்வெனின் பாணென்றால் பன்றிக்கொழுப்பு. மின்சாரக்காரர் என்றால் இயந்திர எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் கரைப்பான் வேறு. தெரியாமல் பற்றுப் போட்டால் கறை இன்னும் ஆழத்துக்கு இறங்கும். அதனால்தான் ஒன்பது நாளாகத் தொடாமல் வைத்திருக்கிறேன்.”

“தேங்காய் எண்ணெய்.”

“நல்லது,” என்றாள். நல்லதாம்! “முதல் தடவை கேட்டால் பயப்படுவார்கள், இரண்டாம் தடவை யோசிப்பார்கள், மூன்றாம் தடவைதான் பதில் வரும். எனக்கு இந்தப் பதில் வேண்டியிருந்தது.”

படிவத்தை எடுத்தாள். காரணத்தை எழுதினாள். புனிதரைப்பற்றி எழுதவில்லை. அது படிவத்துக்குரிய விடயமில்லை என்றாள். ஆனால் பெயர் வேண்டும், அதை விட்டுவிட முடியாது என்றாள். கையெழுத்துப் போட்டேன். படிவம் மேலிடத்துக்குப் போனது.

அன்று மாலையே பற்றுப் போடத் தொடங்கினோம். காகிதக்கூழையும் வெண்களியையும் கரைப்பானில் குழைத்து, தலையிடிக்குப் பற்றுப் போடுவதுபோலத் தோளில் விரல் தடிப்புக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மெல்ல மெல்லக் காயவிட வேண்டும். காயும்போது களி எண்ணெயை வெளியே இழுக்கும். ஏழு தடவை மாற்றினோம். என்னைக்கொண்டுதான் செய்வித்தாள். பெரும்பகுதி வந்துவிட்டது. ஒரு மங்கல் நிழல் தங்கிவிட்டது.

ஸ்வென் மறுநாளே மண்டபத்துக்குத் திரும்பினார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். “நோ,” என்று சொல்லிவிட்டுத் தன் பாணில் பாதியைப் பிய்த்து நீட்டினார். எனக்கு வந்தது ஓர் எழுத்து எச்சரிக்கை, அவ்வளவுதான். பொலிசுக்கு யாரும் எழுதவில்லை. எழுதும் எண்ணமே அங்கு யாருக்கும் இருக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். அடுத்த வருடம் றெஜினாவும் மேரியும் விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தார்கள். மேரிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தாயின் சட்டைக்குள் ஒளிந்துகொண்டாள்.

நான் அந்தப் பட்டறையிலேயே நிரந்தரமாகி, அங்கிருந்தே ஓய்வும் பெற்றேன். ஆனால் நான் சொல்ல வந்தது ஸ்வெனின் கடைசி வேலைநாளை.

எண்பத்தெட்டில் அவர் ஓய்வு பெற்றார். சாப்பாட்டு அறையில் கோப்பியும் கேக்கும் வைத்தார்கள். நான் றெஜினாவையும் மேரியையும் கூட்டிப் போயிருந்தேன். நடுவில் ஸ்வென் எழுந்து, மண்டபத்தை ஒரு தடவை சுற்றிவிட்டு வருகிறேன், நீயும் வா என்றார். போனோம். ஒவ்வொரு சிலையாகப் பார்த்துக்கொண்டு போனவர் அந்தப் பேரரசனுக்கு முன்னால் நின்றார். வலது கையை நீட்டி, தோளில் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தார். பிறகு அந்த விரல்களை உதட்டில் வைத்தார். பிறகு ஒரு கண்ணில், மற்றக் கண்ணில். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இங்கரிடம் நான் கை வைத்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன். இதைச் செய்து காட்டியதில்லை. யாருக்குமே காட்டியதில்லை.

“எப்போதிருந்து தெரியும்?” என்று கேட்டேன்.

“ஜனவரியிலிருந்து. நானும் ஏழு மணிக்கே வந்துவிடுவேன், அடுத்த அறையில்தானே என் கதிரை. கதவு திறந்திருந்தால் இந்தத் தோள் நேரே தெரியும்.”

“அந்த மேசையில் நான் ‘இல்லை’ என்று பதில் சொன்னபோது...”

“இரண்டு தடவையும் பக்கத்தில்தான் இருந்தேன்.”

“ஏன் சொல்லவில்லை ஸ்வென்? உன் வேலை போயிருக்குமே.”

“போயிருக்கும்,” என்றார். அதை அவரும் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது. “உனக்கு மனைவியும் பிள்ளையும் வரவேண்டியிருந்தது. ஒருவன் கும்பிடுவதைப் போய் மேலிடத்தில் சொல்கிற வேலை எனக்கு வேண்டாம்.”

ஸ்வென் நத்தார் பண்டிகைக்குக்கூடக் கோயிலுக்குப் போகாத மனிதர். என் கண் நிறைந்துவிட்டது.

“கோப்பி ஆறிவிடும், வா,” என்று முன்னால் நடந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். அவருக்குப் பக்கத்தில் நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது.